ஒரு பிடி கோதுமை மா

"சோறு தின்னுற சனத்துக்கு உந்த வருத்தம் வராது பிள்ளை. உது வெள்ளைக்காரற்ற வருத்தம்." ஒரு அந்தியேட்டி வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வந்த நேரத்தில் சித்தப்பா இதைச் சொன்னார். தங்கச்சியின் மகள் வடையையும் சேமியாப் பாயாசத்தையும் தொடாமல் ஒதுக்கி வைத்ததைக் கண்டுவிட்டுத்தான் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. சடங்கு வீட்டில் இருந்துகொண்டு குடலைப் பற்றிக் கதைப்பது அழகில்லை. ஆனால் அந்தக் கதை மனதுக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. சித்தப்பா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிற ஆள் அல்ல. சங்கக்கடை மனேஜராக இருந்தவர். கூப்பன் காலத்திலும் நிவாரணக் காலத்திலும் எந்த அட்டைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு மா, எவ்வளவு பருப்பு என்று நிறுத்துக் கொடுத்தவர். வன்னிச் சனத்தின் வயிற்றுக்குள் என்ன போனது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. அவர் சொன்னதை முழுப்பிழை என்று தள்ளவும் முடியவில்லை, சரி என்று விடவும் முடியவில்லை.

சின்னவளுக்கு இருப்பது சீலியாக். கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், அவளுடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தி அவளுடைய சிறுகுடலையே தாக்கும். கேட்பவர்களுக்கு விளங்கட்டும் என்று "ஒவ்வாமை" என்று சொல்லித் தப்பலாம்தான். ஆனால் கோதுமை ஒவ்வாமை வேறு. அதில் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே தோல் தடிக்கும், உதடு வீங்கும், சிலருக்கு மூச்சு இழுக்கும். சீலியாக் அப்படிச் சத்தம் போடாது. சிறுகுடலின் உட்சுவரில் சடைமுளைகள் துவாயின் நூல்களைப் போல அடர்ந்து நிற்கும். உணவின் சத்தை உறிஞ்சுவது அவைதான். இந்த வருத்தத்தில் அவை மெல்ல மெல்ல மழுங்கித் தட்டையாகிப் போகும். பிறகு என்ன சாப்பிட்டாலும் இரும்புச்சத்து ஏறாது, கல்சியம் ஏறாது, பிள்ளை வளராது.

அவளுக்கு வயிற்றோட்டம் என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் எல்லோரையும் சுற்ற வைத்தது. வயிறு ஊதியிருக்கும், வாய்க்குள் அடிக்கடி புண் வரும், வகுப்பில் வரிசையின் முதல் ஆளாக நிற்பாள். உயரம் குறைந்த பிள்ளையை வரிசையின் முன்னுக்கு விடுவது நம்முடைய பள்ளிக்கூட வழக்கம், அதை யாரும் வருத்தம் என்று பார்ப்பதில்லை. ஈமோகுளோபின் குறைவு என்றார்கள்; இரும்புச்சத்து மருந்து கொடுத்தார்கள். பூச்சி என்றார்கள், பூச்சிக் குளிசை கொடுத்தார்கள். தலசீமியா இருக்குமோ என்றும் பார்த்தார்கள். இதெல்லாம் நியாயமான சந்தேகங்கள்தான். வன்னியில் ஒரு பிள்ளை வெளிறி மெலிந்து நின்றால் முதலில் பூச்சியையும் சாப்பாட்டையும் நினைக்காமல் வேறெதை நினைப்பது? கடைசியில் ஒரு பிள்ளை வைத்திய நிபுணர்தான், மாதக்கணக்கில் இரும்பு கொடுத்தும் ஏன் ஏறவில்லை என்று யோசித்து, வேறொரு இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். திசு ட்ரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியத்துக்கு எதிரான ஐஜிஏ பிறபொருளெதிரியைத் தேடுகிற பரிசோதனை அது. அதன் அளவு கூடி வந்தது.

சித்தப்பா சொன்னதில் பாதி

பாதி உண்மை இருக்கிறது. உலகம் முழுவதையும் எடுத்தால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு சீலியாக் இருக்கிறது என்பது பொதுவான கணக்கு. இந்தியாவில் மூன்று பிராந்தியங்களில் செய்த ஓர் ஆய்வு 2016 இல் வெளிவந்தது. அதன்படி வடக்கே கோதுமை தின்கிற பக்கத்தில் அதே நூற்றுக்கு ஒருவர். தெற்கே, சோறு தின்கிற வேலூர்ப் பக்கத்தில், ஆயிரத்துக்கு ஒருவர் அளவுதான். இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் சித்தப்பா வென்றுவிட்டார். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் பார்த்தார்கள். இந்த வருத்தம் வருவதற்கு எச்எல்ஏ டிகியூ2 அல்லது டிகியூ8 என்ற பரம்பரையலகு வகைகளில் ஒன்று உடம்பில் இருக்க வேண்டும். அது தெற்கிலும் வடக்கைப் போலவே ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரிடம் இருந்தது. இருப்பவர்கள் எல்லோருக்கும் வருத்தம் வராது, சிலருக்குத்தான் வரும். ஆனாலும் தெற்கத்தையான் உடம்பு வேறு, வடக்கத்தையான் உடம்பு வேறு என்ற கதை நிற்காது. கோப்பையில் இருப்பதுதான் பெரிதும் வித்தியாசம்.

அப்படியென்றால் வன்னிக்காரருடைய கோப்பையில் என்ன இருக்கிறது? இதைத்தான் பிறகு ஒருநாள் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது கேட்டேன். அவர் சிரித்தார். "மா லொறி வந்திறங்கினா லைன் றோட்டு மட்டும் நிக்கும். அரிசி எண்டா அவையளிட்ட வயலிருக்கு. மாதானே சங்கக்கடையில எடுக்கவேணும்." அவர் தன்னுடைய வாயாலேயே தன்னுடைய கதையை உடைத்துக்கொண்டார் என்று எனக்குப் பட்டது, அவருக்குப் படவில்லை. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கப்பலில்தான் வருகிறது. முன்னர் மாவாக வந்தது. 1980 இல் திருகோணமலையில் பிரிமா ஆலை ஓடத் தொடங்கியபிறகு தானியமாக வந்து இங்கே மாவாகிறது. நாங்கள் இன்னும் அமெரிக்கன் மா என்றுதான் சொல்கிறோம். போர்க்காலத்தில் வயலுக்குப் போக முடியாமல் இடம்பெயர்ந்த சனத்துக்கு உலர் உணவென்று வந்த நிவாரணத்திலும், 2009 இல் செட்டிகுளம் முகாம்களிலும் அரிசி, பருப்பு, சீனி, எண்ணெயோடு கோதுமை மாவும் இருந்தது. மா வந்த நாளில் ரொட்டி. அடுத்த நாள் அரிசி மாவோடு சேர்த்துப் புட்டு. அரிசி மா தட்டுப்பட்டால் தனிக் கோதுமை மாப் புட்டு. அந்தக் கைப்பழக்கம் போர் முடிந்ததோடு போய்விடவில்லை.

இந்த இடத்தில் ஒல்லாந்துக் கதையொன்று எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். வில்லெம் டிக்கெ என்ற பிள்ளை வைத்தியர், ஹேக் நகரத்து ஆஸ்பத்திரியொன்றில் சீலியாக் பிள்ளைகளைப் பராமரித்தவர். பாண் இல்லாத சாப்பாட்டில் சில பிள்ளைகள் தேறுவதைப் போருக்கு முன்னரே கவனித்து, கோதுமையில்தான் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டிருந்தார். 1944-45 பனிக்காலத்தில் ஜெர்மன்காரர் உணவு வழியை அடைக்க, ஊரே பட்டினி கிடந்தது. பாண் கிடையாது, சனம் டியூலிப் கிழங்கு அவித்துத் தின்றது. அந்தப் பஞ்சத்தில் இந்தப் பிள்ளைகள் மட்டும் மோசமாகவில்லை. மீண்டும் பாண் வந்ததும் படுத்துவிட்டார்கள். 1950 இல் அவர் தன்னுடைய ஆய்வேட்டில் கோதுமைதான் காரணம் என்று நிறுவினார். அங்கே போர் மாவை எடுத்துக்கொண்டு போனது, எங்களுக்குப் போர் மாவைக் கொண்டுவந்து தந்தது. நிவாரண மாவால் வன்னியில் சீலியாக் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மா இல்லாவிட்டால் எத்தனை பிள்ளைகள் உயிரோடு இருந்திருக்கும் என்பதும் தெரிந்ததுதான். சோறு தின்கிற சனம் என்று எங்களை நாங்களே சொல்லிக்கொள்வது எவ்வளவு தூரம் சரி என்பதுதான் என்னுடைய கேள்வி. காலையில் பாண், பத்து மணிக்குப் பணிஸ், மத்தியானம் சோறு, பின்னேரம் தேத்தண்ணியோடு ரோல்ஸ், இரவு புட்டு. இதில் சோறு ஒரு நேரம்.

"நிறுத்த வேண்டாம்"

இரத்த அறிக்கை வந்த அன்று தங்கச்சி பாணை நிறுத்திவிட்டுத்தான் எனக்குக் கோல் எடுத்தாள். மூன்று வருசமாகப் பிள்ளையை வாட்டிய சாமான் இன்னதென்று தெரிந்துவிட்டது, இனி ஏன் வீட்டுக்குள் வைத்திருப்பான்? ஆனால் அடுத்த கிளினிக்கில் டொக்டர் சொன்னது வேறு. "என்டொஸ்கோப்பி செய்து குடலிலிருந்து சின்னத் துண்டுகள் எடுத்துப் பார்க்கவேணும் அம்மா. அதுவரைக்கும் கோதுமைச் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு நாளும் குடுங்கோ." பிறபொருளெதிரியின் அளவு வழமையைவிடப் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாவது இரத்தப் பரிசோதனையும் ஒத்துவந்தால், ஐரோப்பாவில் பிள்ளைகளுக்கு வாய்க்குள்ளால் கமராக் குழாய் விடாமலே உறுதி செய்கிறார்கள். சின்னவளுடையது அவ்வளவுக்கு ஏறியிருக்கவில்லை. ஆகவே குடலைப் பார்த்தே ஆகவேண்டும். குளூட்டனை நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கும், இரத்தத்திலும் அளவு இறங்கும். பிறகு துண்டெடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். நிறுத்தியிருந்தவர்களும் பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு கிழமையாவது ஒவ்வொரு நாளும் ஒன்றுக்கு மேற்பட்ட நேரம் குளூட்டன் சாப்பிட வேண்டும் என்பது வைத்திய வழிகாட்டல்.

காகிதத்தில் வாசிக்க இது நேரான விசயம். ஒரு தாய்க்கு அப்படியில்லை. கூடாது என்று தெரிந்துகொண்டே பிள்ளைக்கு எடுத்து ஊட்டுவது அது. அந்தக் கிழமைகளில் நான் அங்கே போய் நின்றேன். காலையில் தங்கச்சி பாணை வெட்டி, சம்பல் வைத்து, பிள்ளைக்கு முன்னால் கோப்பையை வைப்பாள். வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள், பார்த்துக்கொண்டு இருக்கமாட்டாள். ஒருநாள் சின்னவள் பாணைக் கையில் வைத்துக்கொண்டு, "பெரியம்மா, எனக்கு இது கூடாதெண்டுதானே டொக்டர் சொன்னவ? அப்ப ஏன் அம்மா தாறா?" என்று என்னிடம் கேட்டாள். தாயிடம் கேட்கவில்லை. அந்த வயதிலேயே யாரிடம் எதைக் கேட்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரிகிறது. நான் பாணைப் பரிசோதனைக்கான மருந்து என்று சொல்லவில்லை, பொய் சொல்லவும் மனம் வரவில்லை. கமராவால் பார்க்கும்போது வருத்தம் ஒளித்துக்கொள்ளாமல் இருக்கவேண்டும், அதற்காகத்தான் என்றேன். யோசித்துவிட்டு, சம்பலை மட்டும் முதலில் வழித்துத் தின்றாள். பிறகு பாணையும் தின்றாள்.

திகதி ஒருதரம் பிந்தியது. உபகரணம் திருத்தத்துக்குப் போனதென்றார்கள். வன்னியிலிருந்து வெளி மாவட்டத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வருவதென்றால் விடியப்புறம் பஸ், இடையில் இறங்கி மாறுவது, பிள்ளைக்கு வெறும் வயிறு. தங்கச்சி ஒரு இரவு, "அக்கா, விடுவம். நிப்பாட்டிப் பாப்பம். சுகம் வந்தா அதுதானே சாட்சி" என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. அவளுடைய மனுசன்தான் மறுத்தார். அதிகம் கதைக்காத மனுசன். "உயிர் உள்ளவரைக்கும் பிள்ளை பாண் தின்னக்கூடாது எண்டு நாங்கள் சொல்லப்போறம். கலியாணம் கட்டிப் போற வீட்டிலயும் சொல்லவேணும். அதுக்கு எங்கட கையில ஒரு கடுதாசி இருக்கவேணும்." அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பிள்ளை தின்றாள், திகதி வந்தது, போனார்கள். சடைமுளைகள் மழுங்கியிருந்தன. கடுதாசி இப்போது பிறப்புச் சான்றிதழோடு ஒரே உறைக்குள் இருக்கிறது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் சிலர் "நாங்களும் குளூட்டனை விட்டிட்டம், உடம்பு லேசாக் கிடக்கு" என்று சொல்லும்போது எனக்குப் பொறுமை குறைவு. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றில்லை. சீலியாக்கும் இல்லை, ஒவ்வாமையும் இல்லை, ஆனாலும் கோதுமை தின்றால் வயிறு ஊதுகிறது, தலை பாரமாக இருக்கிறது என்கிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அதைத் தனியான ஒரு நிலையாக வைத்தியரும் ஏற்றுக்கொள்கிறார்கள். அதைக் காட்டுகிற இரத்தப் பரிசோதனை கிடையாது. மற்ற இரண்டும் இல்லையென்று பார்த்தபிறகு, விட்டும் தொட்டும் பார்த்துத்தான் சொல்ல முடியும். சிலருக்குக் குளூட்டனே காரணமில்லை, கோதுமையிலும் வெங்காயத்திலும் உள்ள ஃபிரக்டான் என்ற மாச்சத்துத்தான் வயிற்றை ஊத வைக்கிறது என்கிறார்கள். சரி, அவரவர் வயிறு. ஆனால் பரிசோதிக்காமல் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேக் தின்கிறவர்கள், அந்தியேட்டி வீட்டில் "நானும் அதுதான் பிள்ளை, கொஞ்சம் தின்னலாம்" என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேடு அங்கேதான்.

நீத்துப்பெட்டி

பாணை நிறுத்துவது லேசு. பாண் கண்ணுக்குத் தெரியும். வன்னியில் கஷ்டம் அரிசி என்று பெயர்வைத்த சாப்பாட்டில்தான். சின்னவளின் அப்பம்மா, நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம், புட்டுக்கு மா குழைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சிவப்பரிசி மாவைச் சட்டியில் கொட்டி, உப்புத் தண்ணீர் தெளித்து, சுண்டால் கொத்துகிறார். கொத்திக்கொண்டே, கண்ணாலும் பார்க்காமல், இடது கை பக்கத்துப் பேணிக்குள் போய் அவித்து அரித்த கோதுமை மாவில் ஒரு பிடி அள்ளிப் போடுகிறது. "மாமி!" என்றேன். "என்ன பிள்ளை?" என்றார். கை செய்தது அவருக்குத் தெரியாது. தனி அரிசி மா ஆறினால் விறைத்துவிடும், ஒரு பிடி போட்டால்தான் பதம் நிற்கும் என்பது அவருடைய கணக்கு. சமையலென்று பார்த்தால் அது சரியான கணக்குத்தான்.

பிடி நின்றது. புட்டிலிருந்து கோதுமை போகவில்லை, ஏனென்றால் நீத்துப்பெட்டி அதே பழைய நீத்துப்பெட்டி. பனையோலை இழைக்குள் எத்தனையோ வருசத்து மா இறுகிக் கிடக்கிறது. எவ்வளவு ஊறவைத்துத் தேய்த்தாலும் இடுக்கிலிருந்து வெள்ளையாக வரும். அளவுகளைச் சொன்னால்தான் இது விளங்கும். குளூட்டன் இல்லாத உணவு என்று சர்வதேச நியமப்படி சொல்வதற்கு ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. நாளுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் போனாலே சீலியாக் காரருடைய குடல் பழுதாவதை ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு துண்டுப் பாணில் இருப்பது கிராம் கணக்கில். மாமிக்கு மில்லிகிராம் சொல்லி விளங்கப்படுத்தவில்லை. சின்னவளுக்கென்று புது நீத்துப்பெட்டியும், தனி இடியப்ப உரலும், தனி அரிதட்டும் வாங்கி, சிவப்பு நாடா கட்டி, வேறு ஆணியில் மாட்டினோம். மாமி மரக்கறி நாளுக்கும் மச்ச நாளுக்கும் ஏற்கெனவே வேறு வேறு சட்டி வைத்திருப்பவர். எங்கள் எல்லோரையும்விட அவர்தான் விரைவில் பிடித்துக்கொண்டார். இப்போது யாராவது அந்த நாடாவைத் தொட்டால் வீட்டில் சன்னதம்தான்.

வெளியேதான் சிக்கல். தோசை மாவுக்குள் கோதுமை மா சேர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கடையில் விற்கிற வெள்ளை இடியப்பம் பெரும்பாலும் கோதுமை. பருத்தித்துறை வடையில் இருக்கிறது. ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பதைப் படித்தவர்களுக்கும் சொல்லவேண்டியிருக்கிறது. கடைப் பெருங்காயத்தூள் பலதிலும் கோதுமை மா கலந்திருக்கிறது, ஆகவே இரசமும் சந்தேகம். கச்சான் மட்டும் வறுத்தது என்றால் பயமில்லை, மிக்சர் என்றால் பின்பக்கத்தை வாசிக்கவேண்டும், ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் பொரித்த எதுவும் வேண்டாம். கத்தோலிக்கருக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது: நற்கருணை அப்பம் கோதுமையில்தான் செய்யவேண்டும், கொஞ்சமும் குளூட்டன் இல்லாதது செல்லாது, குறைந்த குளூட்டன் உள்ளது செல்லும் என்று வத்திக்கான் 2017 இல் மறுபடியும் அறிவித்தது. மடுவுக்குப் போகிற எங்கள் அயலட்டையில் அப்படி யாரும் இருந்தால், திராட்சை இரசத்தை மட்டும் வாங்க முடியும் என்பதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது ஆஸ்பத்திரிப் பையில்தான். என்டொஸ்கோப்பி முடிந்து வந்த பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்தது என்ன? மாரி பிஸ்கற், கிறீம் கிறாக்கர், ஹோர்லிக்ஸ், நெஸ்டமோல்ட். மோல்ட் என்றால் பார்லி. சூடு தணிய என்று ஒரு மாமி பார்லியும் வாங்கி வந்தார். எங்கள் ஊரில் அன்பு என்றால் எதெல்லாம் கொண்டுவருவார்களோ, அது முழுவதிலும் குளூட்டன். வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் போனபிறகு தாதியரின் மேசைக்குக் கொடுத்தோம். இப்போது தெரிந்தவர்கள் தோடம்பழமும் கதலி வாழைப்பழமும் கொண்டுவருகிறார்கள்.

லண்டனிலிருந்து குளூட்டன் இல்லாத பிஸ்கற் பொதியொன்று வந்தது. நல்ல மனதோடு அனுப்பியதுதான், ஆனால் அது முடிந்தால் அடுத்தது எப்போது வரும்? ஒடியல் மா, குரக்கன், சாமை, மரவள்ளி, சோளம், உழுந்து, பயறு, எங்கள் வயல் அரிசி, ஒன்றிலும் குளூட்டன் இல்லை. ஒடியல் கூழை வெளிநாட்டுக் கடைகளில் வைத்தால் பெட்டியில் எழுதி என்ன விலைக்கு விற்பார்கள் என்று யோசிக்கிறேன். ஆனால் குரக்கன் மா என்று கடையில் வாங்கினால் அதற்குள் கோதுமை கலந்திருக்கலாம். ஆகவே தானியமாக வாங்கி, கழுவிக் காயவைத்து, மில்லில் கொடுக்கும்போது முன்னால் அரைத்தது என்னவென்று கேட்டுக் கொடுக்கவேண்டும். தங்கச்சியின் மனுசன் மில்காரரிடம் முதல் ஆளாகப் போய் நிற்பார், விடிய ஆறு மணிக்கு.

சின்னவள் வளர்கிறாள். ஈமோகுளோபின் ஏறிவிட்டது, வரிசையில் இரண்டு மூன்று பேர் அவளுக்கு முன்னால் வந்துவிட்டார்கள். பிறபொருளெதிரி இன்னும் முழுதாக இறங்கவில்லை. அதற்கு ஒரு வருசமோ இரண்டு வருசமோ எடுக்கலாம் என்று டொக்டர் சொன்னார். இனி மற்றவர்களுடைய முறை. ஒருவருக்கு சீலியாக் என்றால் தாய் தகப்பன் சகோதரங்களில் பத்தில் ஒருவர் அளவில் அது இருக்கக்கூடும் என்பதால், எல்லோருடைய இரத்தத்தையும் பார்க்கச் சொன்னார்கள். தங்கச்சிக்கு ஒன்றுமில்லை. அவளுடைய மனுசன் மில் வேலையைச் சாட்டிச் சாட்டிப் பிந்துகிறார். தம்பிக்காரனுக்கு அடுத்த மாதம் எடுக்கிறார்கள். அதுவரைக்கும் அவன் பாண் தின்னவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குள் மா வரக்கூடாதென்பது மாமியின் சட்டம் என்பதால், அவனைப் பேக்கரி வாசலில் வைத்துத்தான் தின்னக் கொடுக்கிறார்கள். பணிஸும் கேட்கிறானாம்.